பி.எஃப்.டி. கருவிகளும் உமிழ்நீர்ப் பரிசோதனைகளும்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர்கள் எல்லோருக்கும் 'ஊதுற டெஸ்ட்' தெரியும். நுரையீரல் எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று அளப்பது அது. ரிப்போர்ட்டில் பி.எஃப்.டி. அல்லது ஸ்பைரோமெட்ரி என்று இருக்கும். இப்போது அதற்குப் பக்கத்திலேயே உமிழ்நீர்ப் பரிசோதனையும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஊசி இல்லை, ஊத வேண்டாம், ஒரு குழாயில் எச்சில் வடித்தால் போதும் என்கிறார்கள். இரண்டையும் இங்கே அலசுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கையடக்க ஸ்பைரோமீட்டர்களில் நல்ல கம்பெனிப் பொருள் எதுவும் மோசமில்லை. ரிப்போர்ட்டைக் கெடுப்பது பெரும்பாலும் கருவியல்ல, ஊதவைக்கும் விதம். உமிழ்நீரில் கோடினினுக்கும் (நிகோடின் பழக்கத்தைக் காட்டுவது) கார்டிசோலுக்கும் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) உண்மையான வேலை இருக்கிறது. சி.ஆர்.பி., எலாஸ்டேஸ் போன்ற அழற்சிக் குறிகளை உமிழ்நீரில் பார்ப்பதெல்லாம் ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சரி, நோயாளியின் பணப்பைக்கு இன்னும் சரியில்லை.

மூன்று கருவி, மூன்று சென்சார்

கிளினிக்கில் பார்க்கக்கூடிய மூன்று கருவிகளை எடுத்துக்கொள்வோம்: இத்தாலியின் எம்.ஐ.ஆர். ஸ்பைரோபேங்க் II, 2021-இல் சிப்லா கொண்டுவந்த ஸ்பைரோஃபை, சுவிட்சர்லாந்தின் என்.டி.டி. ஈஸிஒன் ஏர். மூன்றும் கைக்குள் அடங்குபவை. காற்றை அளக்கும் முறைதான் வேறு வேறு. வாங்குபவர் கவனிக்க வேண்டியதும் அதைத்தான். திரையின் அளவோ ஆப்பின் அழகோ இரண்டாம்பட்சம்.

ஸ்பைரோபேங்கில் இருப்பது டர்பைன். ஊதும் காற்று சின்ன இதழ் ஒன்றைச் சுழற்றும். சுழலும்போது அது அகச்சிவப்பு ஒளியை எத்தனை முறை மறைக்கிறது என்று எண்ணிக் காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். காற்றின் ஈரமோ அடர்த்தியோ இதை அதிகம் பாதிக்காது, அதுதான் இதன் பலம். சுழலும் பொருளுக்கு எடை உண்டு, பலவீனம் அங்கேதான். மிக மெல்லிய காற்றுக்கு இதழ் கிளம்பாது. கிளம்பிவிட்டால் காற்று நின்ற பிறகும் ஒரு நொடி தானாகச் சுற்றும். கடுமையான சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழல் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) உள்ளவர் ஊதும்போது கடைசிப் பத்து நொடி காற்று நூல் போலத்தான் வரும். அந்த நூலில் கொஞ்சத்தை டர்பைன் விட்டுவிடக்கூடும்.

திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் டர்பைன், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஃப்ளோமிர் டர்பைன் என்று இரண்டு உண்டு. ஒருமுறை டர்பைனை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து அடுத்தவருக்கு மாட்டிவிடும் பழக்கத்தைப் பார்க்க முடிகிறது. அதை அறவே ஒதுக்க வேண்டும். தொற்று ஒரு பக்கம் இருக்கட்டும், இதழின் அச்சில் எச்சில் காய்ந்து ஒட்டினால் சுழற்சி கனத்துப்போய் எல்லோருக்கும் அளவு குறைவாகவே வரும். கழுவக்கூடிய டர்பைனைக் குளிர்ந்த கிருமிநாசினிக் கரைசலில்தான் ஊறவைக்க வேண்டும். வெந்நீர் ஆகாது, குழாயடியில் நேராகப் பிடிப்பதும் ஆகாது. நீரின் வேகமே இதழை வளைத்துவிடும். கழுவி, செங்குத்தாக நிறுத்தி, நன்றாக உலரவிட்ட பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். அச்சைச் சுற்றி ஒரு தலைமுடியோ பஞ்சு இழையோ இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கையில் வைத்து மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்தால் இதழ் தடையில்லாமல் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் மாற்றிவிடுங்கள், எண்ணெய் போட்டுச் சரிசெய்யும் சமாச்சாரம் இல்லை இது.

ஸ்பைரோஃபை நியூமோடாக் வகை. காற்றின் பாதையில் ஒரு சிறு தடை இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டிலிருந்து வேகம் கணக்காகும். சுழலும் பாகம் எதுவும் கிடையாது, மெல்லிய காற்றையும் பிடிக்கும். ஆண்ட்ராய்டு போனோடு புளூடூத்தில் இணைந்து ரிப்போர்ட் வருவதால் கம்ப்யூட்டர் இல்லாத சிறிய கிளினிக்குக்கு ஏற்றது. இந்த வகைக்கே உரிய தொல்லை பூஜ்ய நிலை. ஒவ்வொரு ஊதலுக்கும் முன்னால் கருவி 'இப்போது காற்று இல்லை' என்று தன்னைத்தானே அளந்துகொள்ளும். அந்த நொடியில் நோயாளி அதற்குள் மூச்சு விட்டாலோ, மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றினாலோ, கையை ஆட்டினாலோ பூஜ்யம் தவறிவிடும். தவறினால் ரிப்போர்ட்டில் ஒரு விநோதம் தெரியும்: நோயாளி ஊதி முடித்த பின்னும் கனஅளவு-நேர வரைபடத்தில் கோடு சாய்வாக மேலே ஏறிக்கொண்டே போகும். எஃப்.வி.சி., அதாவது ஊதிய மொத்தக் காற்று, ஐந்து லிட்டர், ஆறு லிட்டர் என்று காட்டும். 150 சென்டிமீட்டர் உயரப் பெண்மணிக்கு அப்படி வந்தால் நுரையீரலைப் பாராட்ட வேண்டாம், ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி ஊதச் சொல்லுங்கள். தடையில் ஈரம் படிந்தாலும் அளவு மாறும், அதனால் ஃபில்டர் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது.

ஈஸிஒன் ஏர் கேளா ஒலியால் அளக்கிறது. குழாய்க்குக் குறுக்கே சாய்வாக இரு திசையிலும் ஒலித்துடிப்பு போகும். காற்றோடு போகும் துடிப்பு சீக்கிரம் சேரும், எதிர்த்து வருவது தாமதமாகும். அந்த நேர வித்தியாசமே வேகம். அசையும் பாகமும் இல்லை, தடையும் இல்லை. மூன்றில் பராமரிப்புக் குறைவானது இதுதான், விலை தூக்கலானதும் இதுதான். நோயாளியின் மூச்சு படும் குழாய் முழுவதையும் கழற்றி எறிந்துவிடலாம் என்பதால் காசநோய் அதிகம் உள்ள ஊர்களுக்கு நல்ல ஏற்பாடு. அந்தக் குழாயின் பக்கங்களில் ஒலி புகும் வலை ஜன்னல்கள் உண்டு. மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதே குழாயைக் கழுவி மறுபடி மாட்டினால் வலையில் ஈரம் ஏறி ஒலி மங்கும். இந்தக் கருவியில் லாபம் பார்க்கக் கூடாத இடம் அது ஒன்றுதான்.

எங்கள் தேர்வு: நாளுக்கு நாலைந்து நோயாளி வரும் கிளினிக்குக்கு ஸ்பைரோஃபை அல்லது ஸ்பைரோபேங்க், பத்துக்கு மேல் வந்தால் ஈஸிஒன் ஏர். கருவியின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு நோயாளிக்கு ஆகும் மவுத்பீஸ், ஃபில்டர் அல்லது குழாயின் விலையை மாதத்து நோயாளிகளால் பெருக்கிப் பார்த்தால் இரண்டாம் வருடத்தில் எது மலிவு என்று தெரிந்துவிடும். உதிரிப் பொருள் உங்கள் ஊர் டீலரிடம் எப்போதும் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டர்பைன் தீர்ந்து கருவி அலமாரியில் தூங்குவது சகஜம்.

மூன்று லிட்டர் சிரிஞ்ச் இருக்கிறதா?

'எங்கள் கருவிக்குக் காலிபரேஷன் தேவையில்லை' என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வார். பாதி உண்மை. திருகித் திருத்த வேண்டாம் என்பது சரி, சரிபார்க்க வேண்டாம் என்பது தவறு. அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2019-இல் சேர்ந்து வெளியிட்ட தரவிதி தினமும் சரியாக மூன்று லிட்டர் காற்றைத் தள்ளும் சிரிஞ்சால் சரிபார்க்கச் சொல்கிறது. ஒருமுறை மெதுவாக, ஒருமுறை நடுத்தரமாக, ஒருமுறை வேகமாகத் தள்ள வேண்டும். மூன்று வேகத்திலும் 2.91-க்கும் 3.09 லிட்டருக்கும் நடுவே வர வேண்டும். நோயாளிக்கு ஃபில்டர் மாட்டுவதாக இருந்தால் சிரிஞ்சுக்கும் அதே ஃபில்டரை மாட்டித்தான் பார்க்க வேண்டும். மெதுவான தள்ளலில் மட்டும் குறைந்தால் டர்பைன் இறுகியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். மூன்றிலும் ஒரே அளவு குறைந்தால் இணைப்பில் கசிவு இருக்கும்.

சிரிஞ்சைக் கருவி இருக்கும் அறையிலேயே வையுங்கள். வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்துவந்து உடனே தள்ளினால் வெப்ப வித்தியாசமே பிழையாகிவிடும். கருவியில் அறை வெப்பநிலையைக் கையால் பதிவு செய்ய வேண்டியிருந்தால் அதிலும் கவனம் தேவை. வெளியே வரும் காற்று 37 டிகிரி உடல் சூட்டிலிருந்து அறைச் சூட்டுக்கு இறங்குவதைக் கருவி ஈடுகட்டுகிறது. ஏ.சி. அறைக்காக 20 டிகிரி என்று எப்போதோ பதிந்துவிட்டு, கரண்ட் போன மதியத்தில் 30 டிகிரி அறையில் அதே எண்ணோடு டெஸ்ட் எடுத்தால் அளவு 5 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டலாம்.

லேப்பில் டெஸ்ட் எடுக்கப் போகிறவர், 'இன்றைக்கு சிரிஞ்ச் செக் பண்ணீங்களா?' என்று தாராளமாகக் கேட்கலாம். நல்ல டெக்னீஷியன் கோபித்துக்கொள்ள மாட்டார், பதிவேட்டைக் காட்டுவார். சிரிஞ்சே இல்லாத இடமென்றால் வேறு இடம் பாருங்கள்.

ஊதவைப்பதில்தான் எல்லாம்

நிமிர்ந்து உட்கார வேண்டும், கால் இரண்டும் தரையில் பதிய வேண்டும். மூக்கில் கிளிப். பல்செட் ஆடாமல் இருந்தால் கழற்ற வேண்டாம், உதடு குழிந்துபோகாமல் பிடிப்பு கிடைக்கும். மவுத்பீஸ் பல்லுக்கு உள்ளே, நாக்கு அதற்குக் கீழே, உதடு சுற்றி இறுக வேண்டும். முழு மூச்சையும் இழுத்தவுடன் ஊத வேண்டும். இழுத்த மூச்சைப் பிடித்துவைப்பது இரண்டு நொடியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ரே அறையின் பழக்கத்தில் 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று சொல்லிவிடுகிறார்கள். பிடித்தால் முதல் நொடிக் காற்று, அதாவது எஃப்.இ.வி.1, குறைந்துவிடும். சொல்ல வேண்டியது இப்படித்தான்: 'இழுங்க, இழுங்க, இன்னும் இன்னும்... ஊதுங்க! ஊது ஊது ஊது... இருக்கு, இன்னும் இருக்கு, விடாதீங்க... இப்ப மறுபடி முழுசா இழுங்க.' கடைசி 'இழுங்க' அலங்காரம் இல்லை. திரும்ப இழுத்த காற்று, ஊதிய காற்றைவிட 100 மில்லி லிட்டருக்கும் 5 சதவீதத்துக்கும் மேல் அதிகமாக இருந்தால் நோயாளி ஆரம்பத்தில் முழு மூச்சு எடுக்கவில்லை என்று பிடிபடும்.

சி.ஓ.பி.டி.யைத் தவறவிடுவது பெரும்பாலும் இங்கேதான். ஓர் உதாரணம் பாருங்கள். நோயாளி மூன்று நொடியில் நிறுத்திவிட்டார்: எஃப்.இ.வி.1 1.30 லிட்டர், எஃப்.வி.சி. 1.80 லிட்டர், முதலாவதை இரண்டாவதால் வகுத்த விகிதம் 0.72. 'அடைப்பு இல்லை, நுரையீரல் சுருக்கம் இருக்கலாம்' என்று மெஷின் அச்சடித்துவிடும். அதே நபரைப் பத்து நொடி ஊதவைத்தால் எஃப்.இ.வி.1 அதே 1.30, எஃப்.வி.சி. 2.30, விகிதம் 0.57. இது தெளிவான அடைப்பு. இன்ஹேலர் தேவைப்பட்டவரை சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பார்கள். விறகடுப்புப் புகையில் பல வருடம் சமைத்த, பீடி சிகரெட்டைத் தொடாத பாட்டிமார்கள் இந்தப் பிழையில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். 'புகைபிடிக்காதவர்தானே' என்ற எண்ணம் டெக்னீஷியனுக்கும் இருக்கும், மூன்று நொடியோடு விட்டுவிடுவார்.

ஊதி முடித்ததற்கு அடையாளம் நொடிக்கணக்கல்ல. கடைசி ஒரு நொடியில் 25 மில்லி லிட்டருக்கு மேல் காற்று வரக் கூடாது, கோடு படுத்துவிட வேண்டும். அல்லது 15 நொடி ஆகியிருக்க வேண்டும். பழைய 'ஆறு நொடி ஊதினால் போதும்' விதி பெரியவர்களின் அடைப்பு நோய்க்குப் போதாது.

ரிப்போர்ட்டில் எண்களுக்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். ஓட்ட-கனஅளவு வரைபடம் செங்குத்தாக ஏறிக் கூரான முனை காட்ட வேண்டும். முனை மழுங்கி வட்டமாக இருந்தால் முயற்சி போதவில்லை. முதல் ஒரு நொடிக்குள் பல் பல்லாக வெட்டுத் தெரிந்தால் இருமல், அந்த ஊதலின் எஃப்.இ.வி.1 செல்லாது. இறங்கும் கோடு திடீரென்று கீழே விழுந்தால் பாதியில் நிறுத்தியிருக்கிறார். கோடு உள்வாங்கிக் குழிந்து இறங்குவதுதான் அடைப்பின் முகம், அதைப் பிழை என்று நினைத்துத் திரும்ப ஊதவைக்க வேண்டாம்.

எத்தனை முறை ஊத வேண்டும்? நல்ல ஊதல் மூன்று வேண்டும். பெரியவர்களுக்கு எட்டு முயற்சி வரை போகலாம். அதற்குமேல் களைப்புதான் மிஞ்சும். மூன்று நல்ல ஊதலில் மிகப் பெரிய இரண்டு எஃப்.இ.வி.1-க்கும் இடையே 150 மில்லி லிட்டருக்குள் வித்தியாசம் இருந்தால் அது ஏ தரம். எஃப்.வி.சி.க்கும் இதே கணக்குத் தனியாக உண்டு. வித்தியாசம் 200 வரை போனால் சி, 250 வரை டி. ரிப்போர்ட்டில் இந்த எழுத்து இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு ஊதலை அச்சடித்துக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை நம்பி வருடக்கணக்கில் மருந்து எடுப்பது சரியில்லை.

மூச்சுக்குழலை விரிக்கும் சால்புடமால் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது அடுத்த கட்டம்: ஸ்பேசர் வழியாக 100 மைக்ரோகிராம் வீதம் நான்கு பஃப், பிறகு 10 முதல் 15 நிமிடம் காத்திருப்பு. வெளியே டீ குடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்து ஊதினால் கணக்கில்லை. எவ்வளவு கூடினால் 'மருந்துக்குக் கேட்கிறது' என்பதில் இரண்டு அளவுகோல் புழக்கத்தில் உள்ளன. பழையது, 12 சதவீதமும் 200 மில்லி லிட்டரும் கூட வேண்டும். 2021-இல் வந்த புதியது, அவருடைய வயது, உயரம், பாலினத்துக்கு எதிர்பார்க்கப்படும் அளவில் 10 சதவீதத்துக்கு மேல் கூட வேண்டும். எஃப்.இ.வி.1 1.60 லிட்டரிலிருந்து 1.82-க்குக் கூடினால் பழைய கணக்கில் தேறிவிடும். அவருக்கு எதிர்பார்த்தது 2.60 என்றால் புதிய கணக்கில் கூடியது 8.5 சதவீதம்தான், தேறாது. ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று இருந்தால் எந்தக் கணக்கில் என்று பாருங்கள்.

எதிர்பார்க்கப்படும் அளவும் சாஃப்ட்வேரில் ஒரு சொடுக்குதான். தென்னிந்தியப் பெரியவர்களுக்கான சமன்பாடு சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்திலிருந்து 1990-இல் வந்தது. உலகச் சமன்பாடான ஜி.எல்.ஐ. 2012-இல் இந்தியர்களுக்குத் தனிப் பிரிவு கிடையாது, 'மற்றவர்' என்ற பிரிவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பின்னர் இனப் பிரிவே இல்லாத ஜி.எல்.ஐ. குளோபல் வந்தது. ஐரோப்பியர் சமன்பாட்டில் விட்டுவிட்டால் நல்ல நுரையீரலும் குறைவாகத் தெரியும். போன வருடம் ஒரு சமன்பாடு, இந்த வருடம் வேறு என்றால் சதவீதங்களை ஒப்பிடாதீர்கள், லிட்டரை ஒப்பிடுங்கள். உயரத்தைச் செருப்பில்லாமல் அளக்க வேண்டும். கூன் விழுந்தவர்களுக்குக் கை விரித்த அகலத்தை எடுக்க வேண்டும். 'என்ன உயரம் சார்?' என்று கேட்டு எழுதிக்கொள்கிற இடத்தில் ரிப்போர்ட்டின் எல்லா சதவீதமும் சந்தேகம்தான்.

போகும் முன்: ஒரு மணி நேரத்துக்குள் புகைபிடித்திருக்கக் கூடாது, கடும் உடற்பயிற்சியும் கூடாது. நோயைக் கண்டுபிடிக்கத்தான் டெஸ்ட் என்றால் டாக்டரைக் கேட்டு சால்புடமாலை 4 முதல் 6 மணி நேரம் நிறுத்தலாம், நீண்ட நேரம் வேலை செய்யும் டியோட்ரோபியம் போன்றவற்றை 36 முதல் 48 மணி நேரம். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்டுக்கு நிறுத்தத் தேவையில்லை. ஒரு வாரத்துக்குள் மாரடைப்பு அல்லது கண் ஆபரேஷன், நான்கு வாரத்துக்குள் மார்பு, வயிறு, மூளை ஆபரேஷன், ரத்தம் கலந்த சளி, காசநோய்ச் சந்தேகம் இருந்தால் ஊதுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கென்று விற்கும் கருவிகள் பற்றியும் கேட்கிறார்கள். சில நூறு ரூபாய் பீக் ஃப்ளோ மீட்டர் ஆஸ்துமாவுக்கு அருமையான பொருள், சி.ஓ.பி.டி.யைக் கண்டுபிடிக்க உதவாது. போனோடு இணையும் வீட்டு ஸ்பைரோமீட்டர், நுரையீரல் தழும்பு நோய்க்காரருக்கும் மாற்று நுரையீரல் பொருத்தியவருக்கும் பயன்படும், வாரவாரம் போக்கைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அவசியமில்லை. ஒருநாள் குறைந்ததைப் பார்த்து இரவெல்லாம் கவலைப்படுவதுதான் மிச்சம்.

உமிழ்நீர்

உமிழ்நீரையும் சளியையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சிலிருந்து வரும் சளியில், வெள்ளணுக்கள் விடும் நொதியான நியூட்ரோஃபில் எலாஸ்டேஸைப் பார்க்க பெல்ஃபாஸ்டின் புரோஆக்சிஸ் நிறுவனத்தின் நீட்ஸ்டிக் போன்ற பட்டைகள் உண்டு, மூச்சுக்குழல் விரிவு நோயில் அதற்குப் பொருளும் உண்டு. அதே எலாஸ்டேஸ் உமிழ்நீரில் தெரிந்தால் அது நெஞ்சிலிருந்து வந்ததா, வீங்கிய ஈறிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. சி.ஆர்.பி. கதையும் அதேதான். அது கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் ஓடுவது. ஈறு இடுக்கு வழியாகக் கசிந்துதான் வாய்க்கு வருகிறது, அளவு ரத்தத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் கீழே. அவ்வளவு நுண்ணிய அளவை எலைசா முறையில் அளக்க முடியும், சந்தேகமில்லை. வெற்றிலை பாக்கு போட்டு ஈறு தேய்ந்தவருக்கும், பல் தேய்க்கும்போது ரத்தம் வருபவருக்கும் அந்த எண் நுரையீரலைப் பற்றிப் பேசாது, பல்லைப் பற்றித்தான் பேசும். சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு ஈறு நோய் அதிகம் என்பது சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. டியோட்ரோபியம் வகை மருந்துகள் வாயை உலர்த்தும். உமிழ்நீர் குறைந்தால் அதில் கரைந்திருப்பதன் செறிவும் மாறும். ரத்த சி.ஆர்.பி. எந்த லேப்பிலும் மலிவாகக் கிடைக்கும்போது இதற்கு ஏன் அலைய வேண்டும்? ஒரே ஆளுக்கு, ஒரே நேரத்தில், தினமும் எடுத்துப் போக்கைப் பார்ப்பதில் எதிர்காலம் இருக்கலாம். ஒற்றை மாதிரியில் இல்லை.

கோடினின் வேறு. நிகோடின் உடலில் உடைந்து வருவது அது. பாதி அளவு குறைய ஏறத்தாழ 16 முதல் 20 மணி நேரம் ஆவதால் கடந்த இரண்டு மூன்று நாளின் கதையைச் சொல்லிவிடும். உமிழ்நீரில் ஒரு மில்லி லிட்டருக்கு 10 முதல் 15 நானோகிராமுக்கு மேல் இருந்தால் நிகோடின் பழக்கம் தொடர்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். புகையை விட முயற்சிப்பவருக்கும் மாற்று நுரையீரல் பட்டியலில் சேரக் காத்திருப்பவருக்கும் இது பயனுள்ள டெஸ்ட். நம் பக்கத்தில் ஒரு பொறி உண்டு: வெற்றிலையோடு புகையிலை போடுபவருக்கும், பல்லில் மூக்குப்பொடி தேய்ப்பவருக்கும், நிகோடின் பேட்ச் ஒட்டியவருக்கும் பாசிட்டிவ் வரும். 'நான் பீடியை விட்டுட்டேன்' என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். மூச்சில் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்துப் பார்த்தால் முடிச்சு அவிழும். கோடினின் இருந்து, கார்பன் மோனாக்சைடு இல்லையென்றால் மெல்லும் புகையிலை அல்லது பேட்ச். கார்பன் மோனாக்சைடு மட்டும் இருந்தால் விறகடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அது சில மணி நேரத்தில் இறங்கிவிடும் என்பதால் காலையில் புகைக்காமல் வந்தவரிடம் தெரியாமலும் போகலாம்.

கார்டிசோல் டெஸ்ட் நுரையீரல் நோய்க்காக உருவானதல்ல. ஆனால் அடிக்கடி பிரெட்னிசோலோன் மாத்திரை எடுத்தவருக்கும், அதிக அளவு ஸ்டீராய்டு இன்ஹேலர் வருடக்கணக்கில் இழுத்தவருக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிவிட்டதா என்று பார்க்க உதவும். மாத்திரையை நிறுத்திய பின் காரணமில்லாத அசதி, தலைசுற்றல், பசியின்மை இருந்தால் டாக்டர் இதை யோசிப்பார். சார்ஸ்டெட் கம்பெனியின் சாலிவெட் குழாய் இதற்கு வசதியானது. உள்ளே ஒரு பஞ்சுருளை இருக்கும். வாயில் வைத்து ஒரு நிமிடம் மெல்லமாக மென்று, கையால் தொடாமல் திரும்பக் குழாயில் துப்பிவிட வேண்டும். லேப்பில் சுழற்றினால் நீர் அடியில் இறங்கும். வாங்கும்போது கார்டிசோலுக்கென்று உள்ள செயற்கை இழை உருளையைக் கேளுங்கள். சாதாரணப் பஞ்சு சில ஹார்மோன்களின் அளவைக் குழப்பும். எச்சில் ஊறுவதற்காக சிட்ரிக் அமிலம் சேர்த்த உருளையும் வேண்டாம்.

காலை மாதிரி என்றால் எழுந்தவுடன், பல் தேய்க்கும் முன், காபிக்கு முன். தேய்த்தால் ஈறில் வரும் கண்ணுக்குத் தெரியாத ரத்தமே போதும் அளவை உயர்த்த. இன்ஹேலரை மாதிரி எடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். பிரெட்னிசோலோன் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தால் லேப்பிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில முறைகள் அதையே கார்டிசோல் என்று எண்ணிவிடும், தூங்கும் சுரப்பி விழித்திருப்பதாக ரிப்போர்ட் வந்துவிடும். டெஸ்டுக்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

தீராத இருமலுக்கு பெப்டெஸ்ட் என்ற பிரிட்டிஷ் கிட்டும் உண்டு. வயிற்றின் பெப்சின் உமிழ்நீரில் இருக்கிறதா என்று பார்ப்பது, அதாவது அமிலம் தொண்டைவரை ஏறுகிறதா என்று. மாதிரியை எடுக்கும் நேரத்தைப் பொறுத்து விடை மாறுவதால், எழுந்தவுடன் ஒன்று, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, இருமல் வந்த சில நிமிடத்தில் ஒன்று என்று எடுத்தால்தான் அர்த்தம். ஒரு மாதிரி நெகட்டிவ் என்பதை வைத்து எதையும் விலக்க முடியாது.

நுரையீரலைக் காக்கும் புரதமான ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சினின் குறைபாட்டுக்கான மரபணுப் பரிசோதனையை க்ரிஃபோல்ஸ் கம்பெனி கன்னத்தின் உள்பக்கம் தடவிய பஞ்சிலேயே செய்கிறது. 14 மாற்றங்களைப் பார்க்கும். தொழில்நுட்பமாக நல்ல பொருள்தான். ஆனால் அது தேடும் முக்கியமான இசட் வகை மாற்றம் வட ஐரோப்பிய வம்சாவளியில்தான் பரவலாக இருக்கிறது. நம் ஊரில் நாற்பது வயதுக்குள் எம்ஃபைசிமா (நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய்) வந்தவருக்கோ, குடும்பத்தில் இளவயது நுரையீரல், கல்லீரல் நோய் இருப்பவருக்கோ முதலில் ரத்தத்தில் ஆன்டிடிரிப்சின் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் மட்டும் இதற்குப் போகலாம்.

எந்த உமிழ்நீர் டெஸ்டானாலும் மாதிரி எடுக்கும் முறைதான் பாதி வேலை. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், உடனே எடுத்தால் அந்தத் தண்ணீரே நீர்த்துவிடும். தலையைக் குனிந்து தானாக ஊறுவதைக் குழாயில் வழியவிடுங்கள், காறித் துப்பக் கூடாது. காறினால் நெஞ்சுச் சளி கலந்துவிடும். ஒன்று அல்லது இரண்டு மில்லி லிட்டர் போதும், நுரை கணக்கில்லை. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் கலந்திருக்கிறது, கொட்டிவிட்டு வேறொரு நாள் எடுங்கள். புரதங்களைப் பார்ப்பதற்கான மாதிரி என்றால் ஐஸ் மேல் வைத்துச் சீக்கிரம் லேப்புக்குக் கொண்டுபோக வேண்டும், அன்றே செய்ய முடியாவிட்டால் மைனஸ் 20 டிகிரியில் உறையவைக்க வேண்டும். மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் சுற்றிவந்த குழாயை வாங்கிக்கொள்ளும் லேப்பின் உமிழ்நீர் ரிப்போர்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.